கூப்பிடவில்லை என்றால்

அம்மாவின் கழுத்தில் கட்டி இருப்பதை முதலில் கவனித்தவர் எங்கள் தெருவில் ரவிக்கை தைக்கும் பெண். அளவெடுக்க டேப்பைக் கழுத்தருகே கொண்டுபோனவர் சட்டென்று நிறுத்தி, இங்கே ஏன் வீங்கியிருக்கிறது என்று கேட்டிருக்கிறார். அம்மா அதை ஒரு வேடிக்கைபோல வீட்டுக்கு வந்து சொன்னாள். அவளைக் கண்ணாடி முன்னால் நிற்கவைத்துத் தண்ணீர் குடிக்கச் சொன்னேன். விழுங்கும்போது தொண்டையின் வலப்பக்கத்தில் ஒரு சிறிய உருண்டை ஏறி இறங்கியது. மறுநாள் காலையே அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போனேன்.

நாங்கள் இருப்பது கிரிவல மலையை ஒட்டிய டவுனுக்குச் சற்று வெளியே, வேங்கிக்காலில். அம்மா கலெக்டர் ஆபீசில் தட்டச்சராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள். அப்பா போனபின் தனியாக இருந்தாள். எனக்குச் சென்னையில் ரயில் சிக்னல்கள் தொடர்பான ஒரு நிறுவனத்தில் வேலை. பெரும்பாலும் வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று ஆனதும் மடிக்கணினியோடு இங்கே வந்துவிட்டேன். என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு விளக்குவது கொஞ்சம் சிரமம். சிக்னலை நான் செய்வதில்லை. சிக்னல், தண்டவாளம், ஓட்டுநர், ஸ்டேஷன் மாஸ்டர், மழை, எலி கடித்த கம்பி எல்லாம் சேர்ந்த முழு ஏற்பாடு எங்கெங்கே கெட்டுப்போகக்கூடும், அப்படிக் கெட்டாலும் யாருக்கும் ஆபத்து வராமல் இருக்க என்ன செய்யலாம் என்று முன்கூட்டியே யோசிப்பது என் வேலை. சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங் என்பார்கள். அம்மா அக்கம்பக்கத்தில், "எது எப்படி வீணாப் போகும்னு யோசிக்கறதுக்கு இவளுக்குச் சம்பளம்" என்று சொல்லிவைத்திருந்தாள்.

நாங்கள் போனது டவுனில் ஒரு சிறிய தனியார் மருத்துவமனை. அதன் பெயர் இங்கே வேண்டாம். ஊரில் பாதிப் பேர் அங்கே போகிறவர்கள்தான். வேலூரிலிருந்து வாரத்தில் சில நாள் வந்துபோகும் அறுவை நிபுணர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். ஸ்கேன் எடுக்கச் சொன்னார். பிறகு மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து கொஞ்சம் உறிஞ்சி, கண்ணாடித் தகடுகளில் தடவி, வெளியூர் லேபுக்கு அனுப்பினார்கள். வெளியே வரும்போது வரவேற்பு மேஜையில் இருந்த பெண் அன்பாகத்தான் சொன்னார்: "ரிப்போர்ட் வர கொஞ்ச நாள் ஆகும்மா. ஏதாவது இருந்தா நாங்களே கூப்பிடுவோம்."

யாரும் கூப்பிடவில்லை. முதல் வாரம் போன் அடிக்கும்போதெல்லாம் அம்மா என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் பார்ப்பதை விட்டுவிட்டாள். கூப்பிடவில்லை என்றால் ஒன்றுமில்லை என்று இரண்டு பேருமே எடுத்துக்கொண்டோம். தீபம் வந்தது. வீடு நிறைய விருந்தாளிகள். மலையில் தீபம் அணைந்து கூட்டம் கலைந்த பிறகு, பொங்கலும் வந்துபோனது. கட்டியைப் பற்றி வீட்டில் பேச்சே இல்லை.

மாசி வெயில் ஏறத் தொடங்கியபோது அம்மாவுக்கு விடாத சளி. அதே மருத்துவமனைக்குப் போனோம். அன்று பார்த்தவர் அதை நடத்துகிற டாக்டரம்மா. ஐம்பது தாண்டியவர், அதிகம் பேசாதவர். அம்மாவின் நெஞ்சில் ஸ்டெத்தை வைத்துக் கேட்டுவிட்டு, பழைய பைலைப் புரட்டினார். ஒரு தாளில் கை நின்றது. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டு தேதியைப் பார்த்தார். நர்ஸை வெளியே போகச் சொல்லவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை.

"அம்மா, கழுத்துல ஊசி போட்டு எடுத்தோமில்ல, அந்த ரிப்போர்ட் அப்பவே வந்துடுச்சு. நாங்க யாரும் பாக்கல. உங்ககிட்ட சொல்லவும் இல்ல. இது எங்க தப்பு."

பிறகு, அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்பதைச் சொன்னார். தைராய்டு சுரப்பியில் புற்றுநோயாக இருக்க வாய்ப்பு ஜாஸ்தி என்று எழுதியிருந்தார்கள். இந்த வகை பெரும்பாலும் மெதுவாக வளர்வது, ஆபரேஷன் செய்தால் நன்றாகக் குணமாவது, இருந்தாலும் இனி ஒரு நாளைக்கூட வீணாக்கக் கூடாது என்றார்.

அம்மாதான் பேசினாள்.

"சரிங்க டாக்டர். இப்ப என்ன பண்ணணும், அதைச் சொல்லுங்க."

அந்த நிமிடத்தைப் பற்றி நான் பிறகு எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். அந்த டாக்டரம்மா மிகச் சுலபமாக வேறு மாதிரிச் சொல்லியிருக்கலாம். இன்னொரு தடவை பரிசோதித்துப் பார்ப்போம் என்று சொல்லிப் பழைய தாளைப் பைலுக்குள்ளேயே விட்டிருக்கலாம். எங்களுக்குத் தெரிந்திருக்கவே போவதில்லை. என் வேலையில் நான் பார்த்த ரயில் விபத்து விசாரணைகளில் ஒரு தவறை இத்தனை நேராக, கேட்பதற்கு முன்பே, பாதிக்கப்பட்டவரின் முகத்தைப் பார்த்துச் சொன்னவரை நான் கண்டதில்லை.

அன்று ஆனால் நன்றியெல்லாம் வரவில்லை. கோபம்தான் வந்தது. கோயம்புத்தூரில் இருக்கும் அண்ணன் போனில் இன்னும் கொதித்தான். கேஸ் போட வேண்டும், அந்த மருத்துவமனையை இழுத்து மூட வேண்டும் என்றான். வேலூரில் ஆபரேஷனுக்கு நாள் குறித்து, அம்மாவின் துணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தபோதும் அவன் அதையே பேசிக்கொண்டிருந்தான். அம்மா போனை என் கையிலிருந்து வாங்கினாள்.

"அந்தம்மா மறைச்சிருக்கலாம்டா. மறைக்கல. உண்மையைச் சொன்னவங்களையே கோர்ட்டுக்கு இழுத்தா, நாளைக்கு இன்னொருத்தருக்கு இப்படி ஆனா யாரு வாயைத் திறப்பாங்க?" அவ்வளவுதான் சொன்னாள். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பையில் இன்னொரு துண்டு வைக்கச் சொன்னாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டி சுரப்பியைத் தாண்டிப் பரவவில்லை என்று வேலூர் டாக்டர்கள் சொன்னபோது வராந்தாவில் நின்று அழுதேன். அம்மாவின் குரல் சில வாரங்களுக்குக் கிசுகிசுப்பாக இருந்தது. எங்கள் டாக்டரம்மா தினமும் சாயங்காலம் போன் செய்தார். அம்மாவால் பேச முடியாததால் போனை ஸ்பீக்கரில் போட்டு நான் பதில் சொல்வேன். அம்மா தலையை ஆட்டுவாள். அவள் தலையாட்டியதையும் டாக்டரம்மாவுக்குச் சொல்லிவிடுவேன்.

ஊருக்குத் திரும்பி, தையலைக் காட்டப் போன அன்று டாக்டரம்மா என்னை மட்டும் கொஞ்ச நேரம் உட்காரச் சொன்னார். இத்தனை நாளும் யார் தவறு என்று தேடிப் பார்த்ததாகச் சொன்னார். வேலூர் நிபுணர் பரிசோதனைக்கு எழுதியது சரி. லேப் ரிப்போர்ட்டை அனுப்பியது சரி. மேஜையில் இருந்த பெண் அதை அச்சடித்துப் பைலில் வைத்ததும் சரி. அதுவரை அவருக்கு இட்ட வேலை அவ்வளவுதான்.

"எல்லாரும் அவங்கவங்க வேலையைச் சரியாத்தான் செஞ்சிருக்காங்க. அப்படியும் இப்படி ஆயிடுச்சு. யாரையாவது திட்டிட்டு விட்டா மறுபடியும் நடக்கும். உங்க வேலையே இந்த மாதிரி விஷயம்தான்னு அம்மா சொன்னாங்க. ஒரு தடவை வந்து பாக்கறீங்களா?"

எனக்கு மருத்துவம் தெரியாது என்றேன். மருத்துவம் தனக்குத் தெரியும், மற்றதுதான் தெரியவில்லை என்றார் அவர்.

அப்படித்தான் நான் அந்த மருத்துவமனைக்குள் வேறொரு வாசல் வழியாக நுழைந்தேன். ஆபீஸில் சேர்ந்திருந்த விடுமுறையைப் போட்டேன். முதல் வேலையாக, ஒரு ரிப்போர்ட் பிறந்து நோயாளியின் காதில் போய்ச் சேரும்வரை அதன் கூடவே போக முடிவு செய்தேன். ஊசி போடும் அறையில் நின்றேன். தகடுகள் டப்பாவுக்குள் போவதையும், டப்பா பஸ்ஸில் ஏறுவதையும் பார்த்தேன். லேபிலிருந்து முடிவு மின்னஞ்சலில் வரும்போது மேஜைக் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தேன். முடிவு வந்த நாளில் பரிசோதனைக்கு எழுதிய நிபுணர் ஊரில் இல்லை. நோயாளியும் இல்லை. இரண்டு பேரும் ஒரே நாளில் அங்கே இருந்தால்தான் அந்தத் தாள் பேசப்படும். இல்லாவிட்டால் பைலுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். அங்கே அது இருக்கிறதா என்று பார்க்க யாருக்கும் வேலை இடப்படவில்லை.

தலைமை நர்ஸ் முதலில் என்னிடம் பேசவே இல்லை. செங்கம் பக்கத்துக்காரர், என் வயதுதான் இருக்கும். சுறுசுறுப்பானவர். நான் போகுமிடமெல்லாம் கூடவே வந்தார், ஆனால் கேட்டதற்கு மட்டும்தான் பதில். யார் மாட்டுவார்கள் என்று பார்க்க வந்திருக்கிறேன் என நினைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாளோ என்னவோ, நேரடியாகவே கேட்டுவிட்டார். யார் பெயரையும் எழுதப்போவதில்லை, எந்த இடத்தில் வழி அறுகிறது என்று மட்டும்தான் எழுதுகிறேன் என்று நான் வரைந்துவைத்திருந்த படத்தைக் காட்டினேன். பெட்டிகளும் அம்புக்குறிகளுமாக இருந்த அந்தப் படத்தில் மனிதர்களின் பெயரே இல்லை. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தவர், ஓர் அம்புக்குறியின் மேல் விரலை வைத்து, இது இப்படிப் போகாது என்று திருத்தினார். அன்றிலிருந்து சேர்ந்துதான் வேலை பார்த்தோம்.

ஒரு மதியம் சாப்பாட்டு அறையில் எல்லோரும் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருக்கையில் டாக்டரம்மா என்னைப் பேசச் சொன்னார். எனக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னேன். ரயிலில் ஒரு கம்பி அறுந்தாலோ, மின்சாரம் போனாலோ சிக்னல் தானாகச் சிவப்புக்குப் போய்விடும். எந்தத் தகவலும் வராவிட்டால் ஆபத்து என்றுதான் அர்த்தம். பச்சை எரிய வேண்டுமானால், பாதை காலியாக இருக்கிறது என்ற தகவல் வந்துகொண்டே இருக்க வேண்டும். இங்கே நாம் நோயாளியிடம் சொல்லி அனுப்புவது என்ன? கூப்பிடவில்லை என்றால் ஒன்றுமில்லை.

தலைமை நர்ஸ்தான் பேசினார்.

"அப்ப இத்தனை வருஷமா கம்பி அறுந்தா பச்சைனு வெச்சிருக்கோம்."

நான் பேசியதையெல்லாம் விட அந்த ஒரு வாக்கியம்தான் அந்த அறையில் நின்றது. மேஜைப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மாவிடம் அன்று அந்த வார்த்தைகளைச் சொன்னவர் அவர்தான். டாக்டரம்மா எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்படிச் சொல்லும்படி அவரிடம் சொல்லிவைத்தது தான்தான் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்.

இதற்கப்புறம் எல்லாம் சுலபமாக நடந்துவிடவில்லை. என் முதல் ஏற்பாடு படுதோல்வி. லேபுக்குப் போகும் ஒவ்வொன்றையும் கணினியில் ஏற்றி, தாமதமானால் நர்ஸ்களின் போனில் மணி அடிக்கிற மாதிரி அமைத்தேன். சர்க்கரைப் பரிசோதனை தாமதமானாலும் மணி, கட்டிப் பரிசோதனை தாமதமானாலும் மணி. இரண்டே வாரத்தில் எல்லோரும் சத்தத்தை அணைத்துவைத்துவிட்டார்கள். திரை முழுக்கச் சிவப்பாக இருந்தது, ஒருவரும் பார்க்கவில்லை. தலைமை நர்ஸ் என்னை ஒரு காலைப் பொழுது வார்டில் தன்கூட நடக்கவிட்டார். என் மணி எந்தெந்த நேரத்தில் அடிக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு குழந்தைக்கு ஊசி ஏற்ற நரம்பு தேடிக்கொண்டிருக்கும்போது பாக்கெட்டில் அது அடித்தது.

மணியை எடுத்துவிட்டோம். எந்தெந்தப் பரிசோதனை நழுவினால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டரம்மா யோசித்துச் சொன்னார். அவை மட்டும் ஒரு வெள்ளைப் பலகைக்கு வந்தன. மருத்துவர்கள் டீ குடிக்கும் அறையில், பார்க்காமல் தப்பிக்க முடியாத இடத்தில் பலகையை மாட்டினோம். நோயாளியின் பெயர் தெரியாமல் எண் மட்டும் இருக்கும். மாதிரி லேபுக்குக் கிளம்பியதும் எண்ணின் பக்கத்தில் சிவப்புக் காந்த வில்லை ஒன்று ஒட்டப்படும். முடிவு வந்துவிட்டது என்பதற்காக அதை எடுக்கக் கூடாது. டாக்டர் படித்துவிட்டார் என்பதற்காகவும் எடுக்கக் கூடாது. நோயாளியிடம் சொல்லி, அவர் புரிந்துகொண்டதைத் தன் வாயால் திருப்பிச் சொன்ன பிறகுதான் எடுக்கலாம். ஒவ்வொரு காலையும் அந்தப் பலகை யாருடைய பொறுப்பு என்று ஒரே ஒருவரின் பெயர் மேலே இருக்கும். நான் கணினியில் செய்துவைத்திருந்ததை விடக் காந்த வில்லைகள் நன்றாக வேலை செய்தன.

மேஜைப் பெண் தன் வாக்கியத்தையும் தானே மாற்றிக்கொண்டார். தேதி எழுதிய ஒரு சிறிய அட்டையைக் கையில் கொடுத்து, "இந்தத் தேதிக்குள்ள நாங்க கூப்பிடலைனா நீங்க கூப்பிடுங்க. நல்லதா இருந்தாலும் நாங்க சொல்லணும்" என்பார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அடுத்த அமாவாசை, அடுத்த சந்தை நாள் என்று அடையாளம் சொல்லுவார்.

மறுபரிசோதனைக்கு வரச் சொன்னவர்களில் சிலர் வராமல் போவது அடுத்த சிக்கலாக இருந்தது. அவர்களுக்கு அக்கறை இல்லை என்று ஒரு இளம் டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு பௌர்ணமியன்று காலையில் வேங்கிக்காலிலிருந்து கிளம்பிய நான், மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் வியர்த்துக் களைத்துவிட்டேன். பாதி ரோடு அடைத்திருந்தார்கள். வெளியூர் பஸ்கள் எல்லாம் ஊருக்கு வெளியே தற்காலிக நிலையங்களில் நின்றன. அங்கிருந்து ஆட்டோ கிடைக்காமல், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்த ஒரு பெரியவரை வாசலில் பார்த்தேன். பலர் பாதி வழியிலேயே திரும்பிப் போயிருப்பார்கள். அன்று மத்தியானம் டாக்டரம்மாவும் நானும் பழைய காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு ஒப்பிட்டோம். வராமல் போன நாட்கள் நிறைய கிரிவல நாட்களாகவும் அதையொட்டிய நாட்களாகவும் இருந்தன. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். நானும் இங்கே பிறந்தவள்தான். பௌர்ணமிக்கு மலை சுற்றும் ஊரில் பௌர்ணமியன்று நோயாளியை வரச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம். அடுத்த மாதத்திலிருந்து அந்த நாட்களில் யாருக்கும் தேதி கொடுப்பதில்லை.

பலகை வந்து சில மாதம் ஆகியிருக்கும். விடுமுறை முடிந்த பின்னும் நேரம் கிடைத்தபோதெல்லாம் நான் அங்கே போய்வந்துகொண்டிருந்தேன். கீழ்பென்னாத்தூருக்கு உள்ளே ஒரு கிராமத்திலிருந்து ஓர் இளம் பெண் இருமலோடு வந்தார். இடுப்பில் ஆறேழு மாதக் குழந்தை. உடம்பு இளைத்திருந்தது. குழந்தைக்குப் பால் கொடுப்பதால் இளைத்திருக்கிறது என்று வீட்டில் நினைத்திருந்தார்கள். டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்துவிட்டு, சளியைக் காசநோய்ப் பரிசோதனைக்கு அனுப்பினார். எண் பலகைக்கு வந்தது. முடிவும் வந்தது. காசநோய் இருந்தது.

கொடுத்திருந்த போன் எண் அணைந்து கிடந்தது. அட்டையில் எழுதிய தேதியும் தாண்டிவிட்டது. அவரும் கூப்பிடவில்லை. இப்போதெல்லாம் நாங்கள் இரண்டு எண் வாங்குவோம். இரண்டாவது எண் அவர் ஊர்க் கடைக்காரருடையது. அந்தப் பெண்ணும் அவர் வீட்டுக்காரரும் வேர்க்கடலை பிடுங்க மாமியார் ஊருக்குப் போயிருக்கிறார்கள், எப்போது வருவார்கள் என்று தெரியாது என்றார் கடைக்காரர். அரசுக் காசநோய்ப் பிரிவுக்கும் தகவல் சொல்லிவிட்டோம். அவர்களும் அவருடைய சொந்த ஊர் விலாசத்தில்தான் தேடிக்கொண்டிருந்தார்கள். சிவப்பு வில்லை அப்படியே இருந்தது. பழைய ஏற்பாடாக இருந்தால் தாள் பைலுக்குள் போயிருக்கும், யார் கண்ணையும் உறுத்தியிருக்காது. இப்போது டீ குடிக்க வருகிற ஒவ்வொருவரும் அதைப் பார்த்துவிட்டு, இன்னுமா என்று கேட்டார்கள். அன்று பலகைக்குப் பொறுப்பு தலைமை நர்ஸ். என்னிடம் வந்து, "அக்கா, வண்டி எடுங்க, போயிட்டு வந்துடலாம்" என்றார்.

கடைக்காரர் சொன்ன அடையாளத்தை வைத்து விசாரித்துக்கொண்டே போனோம். வழி நெடுகக் கடலை பிடுங்கும் ஆட்கள். ஒரு கடலைக் கொல்லையில், வேப்ப மரத்தடியில் தூளி கட்டியிருந்ததைப் பார்த்து நிறுத்தினோம். அந்தப் பெண் செடியிலிருந்து காய் பறிக்கும் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் பயந்து எழுந்தார். அவர் வீட்டுக்காரர் எங்கள் பக்கம் வந்தார். வேன் ஓட்டுகிறவர். போன் தண்ணியில் விழுந்துவிட்டது, அதற்குள் கடலை வேலை வந்துவிட்டது என்றார். அட்டை வீட்டிலேயே இருந்துவிட்டது.

தலைமை நர்ஸ் அவர்கள் இருவரையும் மற்றவர்கள் காதில் விழாத தூரத்துக்குத் தனியாக அழைத்துப்போனார். முதலில் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டார். நோயின் பெயரைச் சொன்னார். மாத்திரை இலவசம், ஒழுங்காகச் சாப்பிட்டால் முழுதாகக் குணமாகும் என்றார். வீட்டுக்காரர் தரையைப் பார்த்தபடி நின்றார். அந்தப் பெண் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"கொயந்தைக்கு?"

"அதுக்குத்தான் இவ்ளோ தூரம் வந்தோம். கொழந்தையையும் பாக்கணும். இப்பவே பாத்துட்டா ஒண்ணும் ஆகாது. பால் குடுக்கறதை நிறுத்த வேணாம். வாயை மட்டும் மூடிக்கணும்" என்றார் தலைமை நர்ஸ். பையிலிருந்து முகக்கவசங்களை எடுத்துக் கொடுத்தார். பிறகு, தான் சொன்னதை அவரையே ஒரு தடவை சொல்லச் சொன்னார். அவர் தடுமாறித் தடுமாறிச் சொன்னார். விட்டுப்போனதை வீட்டுக்காரர் எடுத்துக்கொடுத்தார்.

மறுநாளே வந்தார்கள். குழந்தைக்கு நோய் தொற்றியிருக்கவில்லை. வராமலிருக்க மருந்து கொடுத்தார்கள். அரசு மருத்துவமனையில் அந்தப் பெண்ணுக்குச் சிகிச்சை தொடங்கியது. ஆனாலும் எங்கள் பலகையில் அந்த எண்ணை எடுக்கவில்லை. டாக்டரம்மாதான் அதைச் சொன்னார். நோய் என்னவென்று சொல்லிவிடுவது பாதி வேலை, முடிகிறவரை பார்ப்பதுதான் மீதி என்று மஞ்சள் வில்லை ஒன்றைப் பக்கத்தில் ஒட்டச் செய்தார். இரண்டு மாதத்தில் இருமல் நின்று, உடம்பு தேறி, இனி மாத்திரை எதற்கு என்று அந்தப் பெண்ணுக்குத் தோன்றியிருக்கிறது. தோன்றிய வாரத்தில் தலைமை நர்ஸின் போன் போயிருக்கிறது. அது தற்செயல் இல்லை. எல்லோருக்கும் நிறுத்தத் தோன்றுவது அந்தச் சமயத்தில்தான் என்று தெரிந்து, அந்த வாரத்தில் கூப்பிட வேண்டும் என்று முன்பே வைத்திருந்தோம். அவர் மாத்திரையை முடித்தார். கடைசிப் பரிசோதனையில் சளியில் கிருமி இல்லை. மஞ்சள் வில்லையை எடுக்க, அந்தக் குழந்தையையே தூக்கி நிறுத்தினார் தலைமை நர்ஸ். அது வில்லையை எடுத்து வாயில் வைக்கப் பார்த்தது. எல்லோரும் பாய்ந்து பிடுங்கினோம்.

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னபோது அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். குரல் முழுதாகத் திரும்பிவிட்டிருந்தது. கேட்டுவிட்டு, தன் ரிப்போர்ட் அன்றைக்கே சரியாக வந்திருந்தால் இந்தப் பெண்ணுக்கு யார் போயிருப்பார்கள் என்று கேட்டாள். அப்படி நினைக்கக் கூடாது, உனக்கு நடந்தது நடந்திருக்கவே கூடாது என்றேன். நடந்திருக்கக் கூடாதுதான், நடந்தது வீணாகவில்லையே, அதைத்தான் சொல்கிறேன் என்றாள். அண்ணனிடமும் போனில் இதையே சொன்னாள். அவன் கொஞ்ச நாளில் ஊருக்கு வந்து, டாக்டரம்மாவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

எனக்கு அவரிடம் நன்றி சொல்லச் சரியான சமயம் வாய்க்கவே இல்லை. என் வேலையில் நான் காப்பாற்றும் மனிதர்களை நான் பார்த்ததே கிடையாது. ஒரு ரயில் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் அதில் யார் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்த மருத்துவமனையில்தான், முதல் தடவையாக, என் படிப்பு ஒரு முகத்தில் போய்ச் சேருவதைக் கண்டேன். அதற்கு வழி விட்டவர் அவர். தன் வீட்டின் ஓட்டையை ஒரு கோபக்கார மகளுக்குத் திறந்து காட்ட எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று இப்போது தெரிகிறது.

போன மாதம் அம்மாவை வருடாந்தரப் பரிசோதனைக்கு அழைத்துப் போயிருந்தேன். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார் டாக்டரம்மா. அம்மாவையும் திருப்பிச் சொல்லச் சொன்னார். அம்மா ஆபீஸ் தோரணையில், வரிசையாக, ஒன்று விடாமல் சொன்னாள். காபி வந்தது. இதுதான் சமயம் என்று நான் ஆரம்பித்தேன். பாதிகூடச் சொல்லியிருக்க மாட்டேன்.

"அதெல்லாம் இருக்கட்டும். போன வாரம் ஒண்ணு நழுவிடுச்சு. ஆபத்தில்லை, கண்டுபிடிச்சிட்டோம். ஆனா எப்படி நழுவுச்சுனு புரியல. உங்களுக்கு இன்னிக்கு நேரம் இருக்கா?"

அம்மா காபியைக் குடித்து முடித்தாள். தான் ஆட்டோவில் போய்க்கொள்வதாகச் சொல்லிக் கிளம்பினாள். நான் டீ அறைக்குப் போனேன். தலைமை நர்ஸ் படத்தை மேஜையில் விரித்து, பென்சிலோடு காத்துக்கொண்டிருந்தார்.